கையை ஊன்றாமல்

அலுவலகத்தில் காலைத் தேநீர் வந்த நேரம். பக்கத்து மேசைக்காரர் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "ஹபீபா ராத்தா மௌத்தாம்" என்றார். மௌத் என்றால் மரணம். நான் ஓர் அட்டவணையின் நடுவில் இருந்தேன். அதை முடித்தேன். கூட்டுத்தொகையைச் சரிபார்த்தேன். பிறகு எழும்பிப் போய் அரைநாள் லீவு கேட்டேன். கூட்டுத்தொகை சரியாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது. அந்தக் காலையில் வேறெதுவும் நினைவில் இல்லை.

துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் வேலை செய்த எவருக்கும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிண்ணியாவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்துபோன பிரதம இலிகிதர், அதாவது தலைமை எழுத்தர். முஸ்லிம்கள் அக்காவை அழைக்கும் சொல் ராத்தா. எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான். நான் புள்ளிவிபரப் பகுதியில் இருந்தேன். எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஓர் அலுமாரி. அதன் இருபுறமும் இருந்தபடி நிறையக் கதைத்திருக்கிறோம். சிநேகிதிகள் என்று சொல்லிக்கொண்டதில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பே அவருடைய முழங்கால்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. உடம்பில் பாரம், கூடவே சீனி வருத்தம். நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது என்ற நிலை வந்ததும் கதிரையில் இருந்து தொழுதார். அவர்களுடைய மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. இயலாதவர்கள் பலரும் அப்படித்தான் தொழுகிறார்கள். ராத்தாவுக்கு அது போதவில்லை. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூது என்ற கட்டம் இருக்கிறது. கதிரையில் இருந்து குனிந்தால் நெற்றி காற்றில்தான் நிற்கிறது என்றார்.

"அல்லாஹ் ஏத்துக்கொள்ளுவான், அது தெரியும். எனக்குத்தான் ஏத்துக்கொள்ள ஏலாம இரிக்கு."

பாரத்தைக் குறைக்கச் சொன்ன டொக்டர், நடக்கச் சொன்னார். ஒழுங்கைக்குள் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்று எங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும், சொன்ன வீடெல்லாம் தேத்தண்ணி தரும், பாரம் கூடித்தான் திரும்பி வருவேன் என்று ராத்தா சொல்லிவிட்டார். அதனால் வீட்டுக்குள் செய்யக்கூடிய ஒன்றைக் கிளினிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். கதிரையின் முதுகைச் சுவரோடு சேர்த்து வைக்க வேண்டும். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், மெதுவாக இருந்து மெதுவாக எழும்ப வேண்டும். அவ்வளவுதான்.

நான் நம்பவில்லை. எத்தனை கலோரி எரியும் என்று அவருடைய நிறையை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒருநாள் முழுவதும் செய்தாலும் அவர் தேநீரோடு தின்னும் ஒரு பிஸ்கற் கரையாது, பாதி கரைந்தால் பெரிய காரியம் என்றேன். அலுமாரிக்கு அப்பாலிருந்து ஒரு கை வந்து என் மேசையில் அரைப் பிஸ்கற்றை வைத்தது.

"நீங்க இதைத் தின்னுங்க தங்கச்சி. மத்தப் பாதியை நான் கரைக்கிறன்."

ஓய்வு பெற்ற பின் வீட்டில் தனியாகச் செய்தார். கணவர் இல்லை, மகன் கட்டாரில். பக்கத்து வளவில் தம்பியும் அவருடைய மனைவி றஹ்மத்தும். ஒருநாள் றஹ்மத் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலாப்பம் கொண்டு வந்திருக்கிறார். உள்ளே ராத்தா முக்காட்டோடு, கைகளை நெஞ்சில் கட்டியபடி எழும்புவதும் இருப்பதுமாக இருந்தார். தொழுகிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் கோப்பையோடு வாசலில் காத்து நின்றார் றஹ்மத். தொழுகை முடியவில்லை. அதைவிட, மேற்கைப் பார்த்துத் தொழ வேண்டியவர் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை சாத்தியிருந்தது மேற்குச் சுவரில். றஹ்மத் வீட்டுக்கு ஓடி, "மதினிக்கு மூளை பிசகிட்டுது போல" என்று கணவரைக் கூட்டி வந்துவிட்டார்.

இதைத் தொலைபேசியில் ராத்தாவே சொன்னார். வட்டிலாப்பம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"சாப்பிட்டனான். ஏற்கெனவே பயந்துபோன மனுஷி. வேணாமெண்டா இன்னும் பயப்படுவா."

பாரம் பெரிதாகக் குறையவே இல்லை. என் கணக்கில் பிழை இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் தொடக்கத்தில் கதிரையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தித்தான் இருந்து எழும்பியவர், பிறகு ஒன்றை எடுத்தார், பிறகு மற்றதையும் எடுத்தார். அதன் பிறகு குசினியில் தேங்காய் துருவ இருக்கும் பலகைக்கு வந்தார். இதையெல்லாம் எனக்கு அவ்வப்போது அறிவிப்பார். நான் "ம்" என்பேன்.

கடந்த நோன்புக்கு முந்தி, ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது.

"இண்டைக்கு வச்சன், தங்கச்சி."

"என்னத்தை?"

"நெத்தியை."

நல்லது என்றேன். எழும்பும்போது நோகவில்லையா என்று கேட்டேன்.

"இன்னும் எழும்பல்ல. பாயில இருந்துதான் கதைக்கிறன். ஏலாம இரிக்கு."

றஹ்மத்தைக் கூப்பிடச் சொன்னேன். கூப்பிட்டால் நாளையிலிருந்து பாயை ஒளித்துவிடுவார் என்றார். கதிரையைப் பிடித்துக்கொண்டாவது எழும்புங்கள் என்றேன். அதற்கும் மறுத்தார். அப்படியானால் ஒரு காலை முன்னால் ஊன்றி, உடம்பை அதன்மேல் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு அனுபவமும் இல்லை, யோசித்துச் சொன்னதுதான். தொலைபேசியைப் பாயில் வைக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. ஒருமுறை மூச்சு இழுபட்டது, பிறகு பாயில் கனமாகத் திரும்ப இருந்த சத்தம். திரும்பவும் மூச்சு. நான் காதை எடுக்கவில்லை. பின்பு தூரத்திலிருந்து, நின்றபடி பேசும் குரல் வந்தது.

"வைக்கிறன் தங்கச்சி. உலையில சோறு."

மௌத்துச் செய்தி வந்த அன்று நான் கிண்ணியா போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். நேரம் தெரிந்துதான் புறப்பட்டேன். ஆனாலும் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. வீட்டில் பெண்கள் பாயில் இருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். நித்திரையிலேயே போய்விட்டார், இதயம் என்று டொக்டர் சொன்னாராம். இந்த வயதில் உடற்பயிற்சி செய்ததால் இருக்குமோ என்று ஒரு பெண் மெல்லக் கேட்டார். எனக்கும் தெரியாது. முதல்நாள் இரவுத் தொழுகையையும் நிலத்தில்தான் தொழுதார் என்று மட்டும் றஹ்மத் சொன்னார்.

எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்வரை வரவில்லை. அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை, கேட்கவும் இல்லை. புறப்படும் நேரம் என் கால் மரத்துப்போயிருந்தது. கைகளை நெஞ்சில் கட்டினேன், ஒரு காலை முன்னால் வைத்தேன். முதல்முறை முடியாமல் திரும்ப இருந்துவிட்டேன். றஹ்மத் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"கையை ஊண்டுங்க மிஸ்" என்றார். "அவ இப்ப பார்க்க மாட்டா."

நான் ஊன்றவில்லை. கொஞ்ச நேரம் எடுத்தது. எழும்பினேன்.