இருபத்திரண்டாம் நிமிஷத்தில் நின்ற வகுப்பு

டெய்லரக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாவதுக்குப் போகவேண்டிய கால் தையல் மெஷினின் மிதிப்பலகைக்குப் போய்விட்டது. அதற்காக அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தியதில்லை. இருபத்திரண்டு வயதில் நாடகப் பள்ளியின் உடுப்பு அறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ராஜாவுக்கும் பிச்சைக்காரனுக்கும் ஒரே கையால் அளவெடுத்தாள். அளவெடுத்துக்கொண்டே, பக்கத்து ஒத்திகைக் கூடத்தில் நடப்பதையெல்லாம் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டாள். பட்டம் வாங்கியவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி அதைத் தொலைத்தும்விட்டார்கள். இவளுக்குத் தொலைக்க நோட்டு இல்லை. எல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தப் பள்ளியை ஆரம்பித்த அம்மா சொல்லிக்கொடுத்த நடிப்பு முறைக்கு எதிராளிப் பாடம் என்று பெயர். இரண்டு பேர் எதிரெதிரே நாற்காலியில் உட்காரவேண்டும். தன்னை மறந்துவிட்டு எதிரில் இருப்பவரையே பார்க்கவேண்டும். பார்த்ததை ஒருவர் சொல்லவேண்டும், மற்றவர் அதையே தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். "நீ சிரிக்கிற." "நான் சிரிக்கிறேன்." இவ்வளவுதான். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால்தான், பொய்யாக ஒரு இமை அசைத்தாலும் அகப்பட்டுக்கொள்வோம் என்று தெரியும்.

ஒருநாள் ஒரு நடிகர் வரவில்லை. அம்மா உடுப்பு அறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஊசியை வச்சுட்டு இங்க வந்து உக்காரு" என்றார். உட்கார்ந்தவள் பத்தொன்பது வருஷம் எழுந்திருக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். கடைசியில் மாலை வகுப்பையே அவள் கையில் கொடுத்துவிட்டார் அம்மா. வேலை முடித்து வரும் பதினொரு பேர். லாரி ஓட்டுகிறவர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர். அத்தனை பேரும் அக்கா கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்கள்.

அம்மா காலமான பிறகு பள்ளி ஒரு குழுவின் கைக்குப் போயிற்று. ஒன்றாம் தேதியிலிருந்து ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர் யாரும் வகுப்பு எடுக்கக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். அதற்குத் தேர்வு. முன்பின் தெரியாத இரண்டு பேரை வைத்து, மூன்று தேர்வாளர் முன்னால் நாற்பது நிமிஷம் வகுப்பு எடுக்கவேண்டும். ஆசிரியர் நடித்துக் காட்டக்கூடாது. மாணவரைத் தொடக்கூடாது. நாற்பது நிமிஷத்துக்கு முன் வகுப்பை நிறுத்தினால் ஆட்டம் அத்தோடு சரி. இரண்டே வாய்ப்பு.

முதல் வாய்ப்பைப் போன மாதமே டெய்லரக்கா கோட்டைவிட்டாள். ஒரு மாணவன் தடுமாறினான் என்று எழுந்து, எப்படிச் செய்யவேண்டும் என்று நடித்துக் காட்டினாள். அறையே கைதட்டியது. கைதட்டி முடித்துவிட்டு ஃபெயில் போட்டார்கள்.

இரண்டாவது தேர்வு அன்று காலை, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருக்கும் அவள் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"கைய ரெண்டையும் கட்டிப் போட்டுட்டுப் போ. நீ எந்திரிச்சா தேர்வு உக்காந்துரும்."

"உங்க லிஃப்ட் நடுவுல நிக்காம பாத்துக்குங்க. என் வகுப்ப நான் பாத்துக்கறேன்."

"பயமா இருக்கா?"

"எனக்கா? அவங்களுக்கு இருக்கணும்" என்றாள். சொன்ன வாய் காய்ந்து கிடந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

தேர்வு அறை இரண்டாம் மாடியில். ஏசி எலும்பைத் துளைத்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமைத் தேர்வாளர், எல்லாருக்கும் பெரிய மேடம். இடப்பக்கம் மூக்குக் கண்ணாடிக்காரர். வலப்பக்கம் விதிப்புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் ஃபைல்காரர். அவர் முன்னால் ஒரு பழச்சாறு பாட்டில், மூடி திறக்காமல்.

எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் பெண். இன்னொன்றில் நீலச்சட்டை போட்ட கனத்த மனிதர். இந்த இருவரில் ஒருவர் கள்ள நாற்காலி. அது இந்தத் தேர்வின் வழக்கம். ஏற்கெனவே சான்றிதழ் வாங்கிய வெளியூர் ஆசிரியர் ஒருவரை மாணவர் மாதிரி உட்காரவைத்து, வேண்டுமென்றே பொய்யாக நடிக்கச் சொல்லியிருப்பார்கள். தேர்வு எழுதுகிறவர் அதைக் கண்டுபிடித்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வார்த்தையால் சரிபண்ணவேண்டும். எவர், எப்போது, என்ன செய்வார் என்று தெரியாது.

"ஆரம்பிக்கலாம்க்கா" என்றார் பெரிய மேடம்.

டெய்லரக்கா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள்.

முதல் பதினைந்து நிமிஷம் வழுக்கிக்கொண்டு போயிற்று. தபால்காரப் பெண் கூச்சப்பட்டாள். "கூச்சத்த மறைக்காதம்மா, அவரப் பாரு" என்ற ஒரே வார்த்தையில் அவளைத் திருப்பிவிட்டாள் அக்கா. கண்ணாடிக்காரர் தலையசைத்தார். பதினேழாம் நிமிஷத்தில் அந்தப் பெண் சொன்னாள்.

"உங்க கை நடுங்குது."

"என் கை நடுங்குது" என்றார் நீலச்சட்டை.

"உங்க கை ரொம்ப நடுங்குது."

"என் கை ரொம்ப நடுங்குது."

ஆக, இவர்தான் கள்ள நாற்காலி என்று டெய்லரக்கா முடிவு கட்டினாள். நடுக்கம் காட்டி நம்மை இழுக்கிறார். இப்போது எழுந்து போய்ப் பிடித்தால் தொட்டதாகிவிடும், நிறுத்தினால் தோற்றதாகிவிடும். "அவங்க முகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். மேஜைக்குப் பின்னால் பெரிய மேடத்தின் பேனா வேகமாக ஓடியது.

"நீங்க என்னைப் பாக்கல" என்றாள் தபால்காரப் பெண்.

"நான் உன்ன... பாக்க..."

வார்த்தை பாதியில் நின்றது. அழகான நிறுத்தம். இப்படி ஒரு நிறுத்தத்துக்கு நடிகர்கள் வருஷக்கணக்கில் பாடுபடுவார்கள். மூன்று தேர்வாளரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர் சட்டையைப் பார்த்தாள். நடுக்கத்தை நடிக்கலாம். கண்ணீரை நடிக்கலாம். திக்குவதையும் நடிக்கலாம். ஆனால் அந்த மனிதரின் கழுத்துப்பட்டையில் நீலம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்குளிலிருந்து விலா வரைக்கும் ஈரம் இறங்கியது. முப்பது வருஷம் நடிகர்களின் வேர்வைத் துணியை அலசியவள் அவள். இந்தக் குளிரில் இவ்வளவு வேர்வையை எந்த நடிகனும் வரவழைத்து அவள் பார்த்ததில்லை.

சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பதினொரு பேரின் முகமும் வந்து போயிற்று. இன்னும் பதினெட்டு நிமிஷம். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் சான்றிதழ்.

"நிறுத்து!" என்று எழுந்தாள்.

"அக்கா, நேரம் முடியல" என்றார் ஃபைல்காரர்.

அவள் காதில் வாங்கவில்லை. நீலச்சட்டையின் தோளை இரண்டு கையாலும் பிடித்தாள். சில்லென்று இருந்தது.

"ஐயா, இங்க பாருங்க. சக்கரை வியாதி இருக்கா உங்களுக்கு?"

அவர் தலை ஆடியது.

"மாத்திரை போட்டீங்களா?"

"ம்..."

"சாப்டீங்களா?"

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. டெய்லரக்கா ஒரே எட்டில் மேஜைக்குப் போய், ஃபைல்காரரின் பழச்சாற்றை எடுத்து மூடியைத் திருகினாள்.

"அது என்னோடது!"

"உங்களோடதுதான். உயிர் அவரோடது" என்று சொல்லி, மடக்கு மடக்காகக் குடிக்கவைத்தாள். தபால்காரப் பெண் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கண்ணாடிக்காரர் ஏசியை அணைக்க ஓடி, விளக்கையும் சேர்த்து அணைத்து, மறுபடி போட்டார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தபோது அவருக்கு நிறம் திரும்பியிருந்தது. சர்க்கரை நன்றாக இறங்கிப்போயிருக்கிறது, தக்க நேரத்தில் கொடுத்தீர்கள், ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் சாய்ந்துகொண்டே அந்த மனிதர் மேஜைப் பக்கம் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். முப்பதாவது நிமிஷத்துல பொய்யா அழணும்னு சொல்லியிருந்தீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

அவரைக் கொண்டுபோனார்கள். பெரிய மேடம் தன் காகிதத்தைக் கையால் மூடினார். மூடுவதற்குள் கண்ணாடிக்காரர் எட்டிப் படித்துவிட்டார்: "நடுக்கம் மிக நம்பும்படி உள்ளது. பாராட்டத்தக்கது."

ஃபைல்காரர் தொண்டையைச் செருமினார். "மனுஷத்தன்மை வேற, விதி வேற. தொட்டாங்க, நிறுத்தினாங்க. இது ரெண்டாவது வாய்ப்பு."

"மூணாவதா ஒண்ணு குடுக்கலாம்" என்றார் பெரிய மேடம், யார் முகத்தையும் பார்க்காமல். "அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம் வரைக்கும் என் பதினொரு பேரு எங்க போவாங்க?" டெய்லரக்காவின் குரல் நடுங்கியது, அதை அவள் மறைக்கவில்லை. "எனக்கு மூணாவது வேணாம் மேடம். இதுலயே பதினெட்டு நிமிஷம் பாக்கி இருக்கு. இப்பவே எடுக்கறேன். அதுக்கப்புறம் ஃபெயில்னு எழுதறதா இருந்தா என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

"ஒரு நாற்காலி காலியா இருக்கேக்கா" என்றார் கண்ணாடிக்காரர்.

"மேடம் உக்காரட்டும்."

ஃபைல்காரர் புத்தகத்தைப் புரட்டினார். அப்படிச் செய்யலாம் என்றும் அதில் இல்லை, கூடாது என்றும் இல்லை. பெரிய மேடம் பேனாவை மூடினார். பிறகு அதை வைத்துவிட்டு வந்து தபால்காரப் பெண்ணின் எதிரே உட்கார்ந்தார். முதுகு விறைப்பாக, உதட்டில் தேர்வாளர் சிரிப்போடு.

"நீங்க சிரிக்கிறீங்க" என்றாள் அந்தப் பெண்.

"நான் சிரிக்கிறேன்."

"நீங்க சிரிக்கல."

"நான்... சிரிக்கல."

டெய்லரக்கா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "மேடம், மேஜைய மறந்துடுங்க. அந்தப் பொண்ணு இருக்கா, அவளப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேஜையில் ஃபைல்காரர் நேரம் குறித்துக்கொண்டிருந்த பேனாவின் சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்தைந்தாம் நிமிஷத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

"உங்களுக்கு வெக்கமா இருக்கு" என்றாள் தபால்காரப் பெண், மெதுவாக.

பெரிய மேடம் வாயைத் திறந்தார், மூடினார். முகம் சிவந்து, விறைப்பெல்லாம் இறங்கி, அம்மாவிடம் முதல்நாள் பாடம் கேட்க வந்த பெண் மாதிரி ஆகிவிட்டார்.

"எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

அதில் பொய் இல்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

நாற்பது ஆனதும் பெரிய மேடம் எழுந்துபோய்ப் படிவத்தை இழுத்தார். "தொட்டாரா" என்ற கட்டத்தில் "ஆம்" என்று எழுதினார். பக்கத்தில் இடம் போதாமல், ஏன் தொட்டார் என்பதைப் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரரும் போட்டார். ஃபைல்காரர் இரண்டு முறை படித்தார்.

"பழச்சாற எழுதலையே" என்றார்.

"எழுதணுமா?"

"வேணாம், விடுங்க" என்று அவரும் போட்டார்.

டெய்லரக்கா படியிறங்கி வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள்.

"என்னாச்சு?"

"என்ன ஆகும்? குடுத்துட்டாங்க."

"கையக் கட்டிக்கிட்டுதான் உக்காந்திருந்தியா?"

"இல்ல" என்றாள். "வந்து சொல்றேன். வகுப்புக்கு நேரமாச்சு."