கோட்டோரம் ஒரு ஸ்டூல்

திருச்செங்கோட்டுப் பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரியில் பெண்கள் கபடி நடந்தால் அவர் வந்துவிடுவார். எங்கள் கல்லூரிக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சலவைச் சட்டை, போர்வெல் வண்டியின் கிரீஸ் போகாத நகங்கள். பைக்கில் கட்டிக் கொண்டுவந்த பிளாஸ்டிக் ஸ்டூலை எல்லைக் கோட்டை ஒட்டிப் போட்டு உட்காருவார். நடுவர் தள்ளிப் போடச் சொன்னால் ஒரு சாண் தள்ளுவார்.

எதைப் பேசினாலும் எரிச்சல்தான். "அரசியல்ல பாதி ஆட்டத்துல பனியன் மாத்திக்கறானுங்க. நாமளும் கை தட்டறோமுங்க," என்பார். பெற்றோர்கள் பேச்சு வந்தால் குரல் ஏறும். "மார்க்கு மார்க்குன்னு புள்ளைங்கள ஆஸ்டல்ல அடைச்சுப் போடறாங்க. மண்ணுல உழுந்து எந்திரிக்காத புள்ள என்னத்துக்குங்க ஆகும்?"

நானும் தலையாட்டுவேன். கடைசியாகப் பார்த்த அன்றுதான், "உங்க வீட்டுல பொண்ணு இருக்குதுங்களா? விளையாடுதுங்களா?" என்று கேட்டேன்.

"ஒம்பதாவது வரைக்கும் கபடி ஆடுச்சுங்க. இப்ப நாமக்கல்ல ஆஸ்டல். அங்க கிரவுண்டே கெடையாதுங்க."

"நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"எல்லாரும் போடறாங்களே சாமி. நாளைக்கு எம்புள்ள மட்டும் பின்னால நின்னா?"

ஆட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆஸ்டலுக்குப் பாக்கப் போற அன்னைக்கு புள்ள ஒவ்வொரு ரெய்டா கேக்குமுங்க. யாரு கால் கோட்டத் தொட்டுச்சுன்னு வரைக்கும் சொல்லோணும். அதுக்குத்தான் இத்தன கிட்டத்துல உக்காந்திருக்கேன்."

அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அன்று அந்த ஸ்டூலைத் தள்ளிப் போடச் சொன்ன நடுவரிடம், இருக்கட்டும் விடுங்கள் என்று சொன்னதும் நான்தான்.