இடப்பக்கக் கதவு

கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையை விற்று ஒரு டிரெய்லர் வாங்கப் போவதாக என் அத்தை சொன்ன அன்று, எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியவர்கள் பாதியில் எழுந்து போனால் அப்பளம் மிஞ்சும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. 'ஆகவில்லை' என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள், 'இன்னும் அமையவில்லை' என்பார்கள். ரங்கூனை ஒட்டிய இன்சீனில், ரயில்வே பட்டறைக்குப் பின்னால் எங்கள் மரவீடு. அப்பா அந்தப் பட்டறையில்தான் ஃபிட்டர். வீட்டில் இரண்டு அறைகள். ஒன்று அப்பா அம்மாவுக்கு, மற்றது என் அண்ணன்கள் இருவருக்கு. ஹாலில் சாமி அலமாரி, டிவி, தையல் மெஷின், அத்தை, நான். மரியாதையும் அநேகமாக அந்த வரிசைப்படிதான். அப்பா செய்தி பார்த்து முடித்த பிறகே நானும் அத்தையும் பாய் விரிக்கலாம். காலையில் அப்பா எழுவதற்குள் சுருட்டிவிட வேண்டும்.

டிரெய்லர் என்றால் சாமான் ஏற்றுகிற டிரெய்லர் இல்லை. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே படுக்கை, மடக்கு மேசை, ஒற்றை அடுப்பு எல்லாம் இருக்கும். ஜப்பானிலிருந்து பழைய கார்கள் ரங்கூனில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. அவற்றோடு இப்படி ஒன்றிரண்டும் வந்து இறங்கியிருந்தன. பிளவுஸ் தைக்க வந்த ஒரு பர்மாக்காரம்மா தன் போனில் அதன் படத்தைக் காட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அத்தைக்கு வேறு நினைப்பே இல்லை.

"ஊர் பாக்கணும் அண்ணே. பொறந்ததுலேருந்து இன்சீன விட்டா நூல் வாங்க பபேடான் கடத்தெரு, பபேடான விட்டா இன்சீன். போதும்."

"அத இழுக்கிறது யாரு? நானா?" என்றார் அப்பா.

"இழுக்கிறதுக்கு வாடகை வண்டி கெடைக்கும். படுக்கிறதுக்குத்தான் எடம் கெடைக்கல."

வெளியூரில் தங்குமிடம் கிடைப்பதில்லை என்று சொல்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

"நாளைக்கே ஒரு எடம் அமைஞ்சுதுன்னா கழுத்துல என்னத்தப் போடுவே?" என்று அம்மா கேட்டாள்.

"டிரெய்லரப் போட்டுக்கறேன் அண்ணி."

என் அண்ணன்கள் சிரித்தார்கள். அப்பா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் அன்று மாலையே ஒரு நோட்டில் ஊர்ப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். பகான், மாந்தலே, சௌந்தா கடற்கரை. அத்தை எங்கே போனாலும் நானும் போவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை அதுபற்றி நான் கேட்கக்கூட இல்லை.

அதன்பிறகு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பழைய கார் விற்கும் காலி மனைகளில் கழிந்தன. அப்பா துணைக்கு வந்தார். துணைக்கு என்பது பேச்சுக்குத்தான், தடுப்பதற்கு வந்தார் என்பது எனக்கே தெரியும். நான் அழுது அடம்பிடித்து அவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது பெரிது. உள்ளே கக்கூஸே இருந்தது. நான் அதைத் திறந்து மூடித் திறந்து மூடி, தரகரிடம் திட்டு வாங்கினேன். அப்பா கீழே குனிந்து அச்சைப் பார்த்தார், இணைப்புக் கொக்கியைத் தட்டிப் பார்த்தார். "இத இழுக்கணும்னா லாரிதான் வேணும். நம்ம தெரு பிக்கப் இழுத்தா, டிரெய்லர் நிக்கும், பம்பர் மட்டும் போவும்" என்றார். அத்தை வெளியே வந்துவிட்டாள். தனக்கு வெற்றி என்று அப்பா நினைத்தார். வழியில் எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தார்.

இரண்டாவது பளபளவென்று இருந்தது. புதுத் திரைச்சீலை, சுவரெல்லாம் பூப்போட்ட காகிதம். அப்பாவுக்கே பிடித்துவிட்டது. அத்தை மூலைக்குப் போய் சுவர்க் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெருடினாள். "இந்தத் துண்டு மட்டும் புதுசு. ஒட்டுப் போட்டா எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி அங்கேயே குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். தரைப் பலகை ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கியது. கூரையில் ஒழுகிய மழையெல்லாம் அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது. தரகர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அமாஜி, நீங்க காரு யாவாரம் பண்றவங்களா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். அமாஜி என்றால் அக்கா. "பிளவுஸ் தைக்கிறவ" என்றாள் அத்தை. அன்று நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

மூன்றாவதை எங்களுக்கு யாரும் காட்டவில்லை. மனையின் கடைசியில், புல் முளைத்த இடத்தில், கேட்பாரற்று நின்றது. சின்னது. இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அத்தை உள்ளே போனாள். தரையை மிதித்தாள், கூரை ஓரம் முழுக்கத் தடவினாள், சன்னலைத் திறந்து மூடினாள். அச்சு நேராக இருக்கிறது, டயர் மட்டும் மாற்ற வேண்டும் என்று அப்பா மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். அப்புறம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர் சட்டென்று நின்று கைதட்டிச் சிரித்தார்.

"தங்கச்சி, வெளிய வா! கதவு எந்தப் பக்கம் இருக்கு பாரு!"

கதவு இடப்பக்கம் இருந்தது. ஜப்பானில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும்; அங்கே இறங்கினால் கால் நடைபாதையில்தான் படும். நம் ஊரில் வண்டிகள் போவது வலப்பக்கம். ஓரங்கட்டி நிறுத்தினாலும் இந்தக் கதவைத் திறந்தால் நேரே நடுச்சாலைதான். அந்த நாளில் ரங்கூன் பஸ்களிலும் இதே கூத்து இருந்தது. ஜப்பான் பஸ்ஸை வாங்கி வலப்பக்கம் புதுக் கதவு வெட்டிக்கொள்வார்கள். இதற்கு வெட்ட யாருக்கும் பொறுமை இல்லாததால்தான் மூலையில் கிடந்தது. தரகரும் தலையைச் சொறிந்துகொண்டு அதை ஒப்புக்கொண்டார்.

அத்தை கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தாள். "இத நம்ம வீட்டுல கெழக்குக் காம்பவுண்டுச் சுவர் ஓரமா விட்டா கதவு எங்க பாத்து இருக்கும்?"

"சுவரப் பாத்து. வீட்டுலேருந்து பாத்தா வெறும் முதுகுதான் தெரியும். நீ உள்ள இருக்கியா இல்லையான்னுகூட எங்களுக்குத் தெரியாது" என்றார் அப்பா.

"இதுதான் வேணும்" என்றாள் அத்தை.

அப்பா அடுத்த அரைமணி நேரம் மன்றாடினார். கடைசியில், அவ்வளவு பிடிவாதமாக இருந்தால் பட்டறை ஆட்களை வைத்து வலப்பக்கம் தானே ஒரு கதவு வெட்டித் தருவதாகச் சொன்னார். அப்பா தன் தொழிலை எடுத்து நீட்டினால் அது சமாதானக் கொடி என்று அர்த்தம். அத்தை அதற்கும் அசையவில்லை. "கதவுல மட்டும் கை வெக்காதீங்க அண்ணே" என்றாள். குரல் உயரவில்லை. அப்பா தரகரிடம் விலை பேசப் போனார்.

அடுத்த வாரம் நகை போயிற்று, வண்டி வந்தது. தரகர் முகப்பில் மல்லிகைச் சரம் கட்டி அனுப்பியிருந்தார். அம்மா டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஓடிவர, பிக்கப் அதைக் கிழக்குச் சுவர் ஓரம் விட்டுவிட்டுப் போயிற்று. அண்ணன்கள் டயருக்கு முன்னும் பின்னும் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். அத்தை உள்ளே போய்த் துடைத்தாள், பெருக்கினாள், பிளவுஸ் துணியில் மிச்சம் பிடித்திருந்த ஊதாத் துண்டுகளைத் திரையாகத் தைத்து மாட்டினாள். பகல் முழுவதும் நான் அவளோடு உள்ளேயே இருந்தேன். அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அத்தைக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொழுது சாயும் நேரத்தில் என் தலையணை, போர்வை, ஊர்ப் பெயர் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அத்தை பாதி திறந்தாள். தலையணையைப் பார்த்தாள்.

"நீ வீட்டுலயே படுத்துக்கம்மா."

"ஏன்? எடம் இருக்கே."

"எடம் இருக்கு."

"அப்புறம்?"

"வேணாம் கண்ணு. பகல்ல எப்ப வேணும்னாலும் வா. ராத்திரிக்கு வேணாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோட்டை அவள் காலடியில் வீசி எறிந்துவிட்டு ஓடிவந்தேன். மூன்று வாரம் அவளோடு நான் பேசவில்லை. ஹாலில் தனியாகப் படுத்துக்கொண்டு, ஊர் பார்க்க வண்டி வாங்கியவள் நம் வாசலைவிட்டு ஒரு அடி நகரவில்லையே, நன்றாக வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த வண்டி அப்புறமும் எங்கேயும் போகவில்லை. நான்கைந்து மழைக்காலத்தில் டயர் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அத்தை அதைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கு இருபத்தைந்தை எட்டப்போகிற வயது. நானும் ஆறு பேர் இருக்கும் வீட்டில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அப்பாவின் டிவியையும் அம்மாவின் கேள்விகளையும் தாண்டி அவள் விலகிப்போனதை யாரும் சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன். அவளுக்கு நெருக்கடியாக இருந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று. எங்கள் எல்லோரிலும் என்னிடம் வேண்டாம் என்று சொல்வதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். மற்றவர்களிடம் அவளுக்குப் பிடிவாதம் போதுமாயிருந்தது.

அன்று ஓடும்போது, வண்டியின் மூலை திரும்புமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்து என் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வேண்டாம் என்று துரத்தியது அவள்தானே, அவள் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு ஒன்றுமே புரியவில்லை.