நாவல் மரத்தடி இஸ்திரி வண்டி

தெருமுனை நாவல் மரத்தடியில் இஸ்திரி போடும் அக்கா, பழம் கொட்டும் மாதத்திலும் இடம் மாறமாட்டார். வண்டிக்கு மேலே போர்வை கட்டிக்கொள்வார். ஒரு துணியிலும் கறை பட்டதில்லை.

ஒருநாள் என் மனைவி என் வெள்ளைச் சட்டையோடு அவர்முன் போய் நின்றாள். "உன் மரத்துப் பழம் சட்டையையே நாசம் பண்ணிடுச்சும்மா!"

நான் பின்னால் நின்று தரையைப் பார்த்தேன். கீழே கிடப்பதைப் பொறுக்கித் தின்னக் கூடாது என்பது அவள் கண்டிப்பு.

அக்கா சட்டையைப் புரட்டினார். கறை சட்டைப்பையின் உட்புறத்தில் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என் தப்புதாங்க. போர்வை ஓட்டையாயிடுச்சு."

மறுநாள் மரத்தடியில் குனிந்தேன். ஒரு கிண்ணம் நீண்டது. "இதுல போட்டு இங்கேயே தின்னுட்டுப் போங்க சார். இன்னொரு தடவை ஓட்டையாக எங்கிட்ட வேற போர்வை இல்ல."