சாரம்மாவின் பதினோராம் நாள்

ஆவணி ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை காலை. பூஜைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன். பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கன்னியம்மா, கூடையைக்கூட இறக்காமல் என் வாசலில் வந்து நின்றாள்.

“யக்கா, நர்சம்மா கதவு தொறக்கல. மடவ மீனு எடுத்தாந்துகீறேன்னு ரெண்டு வாட்டி கூவிட்டேன். பேச்சு மூச்சே இல்லக்கா.”

பக்கத்து வீட்டு மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்துகொண்டு போனோம். சாரம்மா அவர்கள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். கண் மூடவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடியே போயிருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் மருந்தகத்தில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் விரல் நசுங்கி வந்தவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்ட கை அது. புதுவாயலில் அவரை நர்சம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணி. ஜனங்கள் அவரை வேதக்காரம்மா என்றே நினைத்தார்கள், சர்ச்சோடு ஏதோ கோபம் போலிருக்கிறது என்றும் பேசிக்கொண்டார்கள்.

நான் பள்ளிப்பட்டிலிருந்து கலியாணமாகி இங்கே வந்தது எழுபதாம் வருஷம். முதல் வாரமே அவர் வாசலில் சத்தம் கேட்டது.

“நண்டு வாணாம், எறா வாணாம், செதிலு இல்லாத மீனு வாணாம். இன்னாம்மா நீ, கடலுக்கே கொற சொல்றே?” என்றாள் கன்னியம்மா.

“கடல் மேல குறை ஒண்ணும் இல்லடி. என் வயித்து மேலதான் சட்டம் போட்டிருக்கு,” என்று சிரித்தார் சாரம்மா.

எனக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. நானும் ஏகாதசி, கிருத்திகை என்று வயிற்றுக்குச் சட்டம் போடுகிறவள்தானே. அன்றே போய்ப் பேசினேன். நான் ஐந்தாவதோடு நின்றவள். பொட்டலம் கட்டிவந்த காகிதத்தைப் பிரித்துப் படித்துப் படித்தே எழுத்தைப் பிடித்துவைத்தவள். தினமும் வீட்டில் நடப்பதை, திதி நட்சத்திரத்தோடு ஒரு நோட்டில் எழுதுவது என் வழக்கம். அதைப் பார்த்ததும் அவர் தம் வீட்டுச் சுவருக்கு என்னை அழைத்துப்போனார்.

பம்பாயிலிருந்த தம்பி ஆண்டுதோறும் அனுப்பிவைக்கும் காலண்டர் அது. அவர்கள் மாதமும் பிறையில்தான் பிறக்கிறது. பௌர்ணமியில் நடுவுக்கு வருகிறது. கட்டத்துக்குக் கட்டம் பொடி எழுத்தில், அந்த நாளில் அவர்கள் ஜனத்துக்கு என்ன நடந்தது என்று போட்டிருக்கும். அவர் படித்துச் சொல்லச் சொல்ல நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பங்குனி உத்திரத்தை ஒட்டிய பௌர்ணமியில் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து புறப்பட்டார்கள். மாசியில் ஒரு நாள், மொத்த ஜனத்தையும் கொல்லப் பார்த்த மந்திரியிடமிருந்து ஓர் அரசி காப்பாற்றினாள். ஆடி வளர்பிறை நவமியில் எருசலேம் கோயிலை எரித்தார்கள். பல நூறு வருஷம் கழித்து, மறுபடி கட்டிய கோயிலையும் அதே நவமியில் எரித்தார்கள்.

அந்த நவமியன்று அவர் தரையில் உட்கார்ந்திருப்பார். பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். நாமெல்லாம் நாள் பார்த்து நல்ல காரியம் தொடங்குகிறோம், இவர் நாள் பார்த்து அழுகிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. “எப்பவோ எரிஞ்சதுக்கு இப்ப இன்னாத்துக்குக்கா பட்டினி?” என்று கேட்டுவிட்டேன்.

“ஊரை எடுத்துக்கினாங்க. கோயிலை எடுத்துக்கினாங்க. அந்த நாளை மட்டும் எவனாலயும் தூக்கிக்கினு போக முடியல, ருக்மணி. எங்களுக்கு மிச்சம் அதான்.”

இதை அவர் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறேன்.

அவர்கள் வருஷத்தில் பெரிய நோன்பு, புது வருஷம் பிறந்து பத்தாம் நாள். எழுபதிலும் எழுபத்தொன்றிலும் அது எங்கள் விஜயதசமியோடு சேர்ந்தே வந்தது. எங்கள் கொலு தொடங்கும்போது அவருக்கு வருஷம் பிறந்தது. எழுபத்திரண்டில் நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டேன். அந்த ஒரு வருஷம் இங்கே இருந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அவருக்கு ஒரே மகன், ஏலியா. கணவர் இறந்த பிறகு, மாமன்மார் இருக்கும் இஸ்ரேலுக்குப் போய் அங்கே பட்டாளத்தில் சேர்ந்தவன். எழுபத்துமூன்றாம் வருஷம் விஜயதசமி. சாரம்மா நோன்பு முடிக்கக் காத்திருந்தார். என் வீட்டு ரேடியோவில், அங்கே நோன்பு நாளிலேயே போர் மூண்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர் எடுத்த தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கார்த்திகையில் கடிதம் வந்தது. போர் தொடங்கிய மறுநாளே பிள்ளை போய்விட்டான். அதாவது அவர்கள் புது வருஷத்தின் பதினோராம் நாள்.

“ஏகாதசிக்கா. மோட்சம் கெடைக்கிற நாளு,” என்றேன், வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல்.

“அப்போ நீ மறக்கமாட்டே இல்ல?” என்றார்.

இறந்தவர் நாள் வரும்போது முதல்நாள் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி, மறுநாள் பொழுது சாயும்வரை அணையாமல் காப்பது அவர்கள் வழக்கம். பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டுமாம். இங்கே ஒருவரும் இல்லை. கல்லறை கடலுக்கு அப்பால். அந்த விளக்கு ஒன்றுதான் அவர் பிள்ளைக்குச் செய்யக்கூடியது. ஆகவே நாள் தவறக்கூடாது.

எழுபத்துநான்கில் தம்பியும் பம்பாயை விட்டு இஸ்ரேல் போய்விட்டார். காலண்டர் வரவில்லை. ஆவணி முழுதும் சாரம்மா தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

“இதுக்கு எதுக்குக்கா பேஜாரு? எங்க கொலுதான் உங்க வருஷப் பொறப்பு. விஜயதசமிக்கு நோன்பு, அன்னிக்குப் பொழுது சாய்ஞ்சா வெளக்கு.”

“இந்த வருஷம் கொலு ரொம்பத் தள்ளி வருதே. எங்க நோன்பு மழைக்கு இவ்வளவு கிட்ட வந்து நான் பார்த்ததில்ல.”

“சந்திரன் ஒண்ணுதானேக்கா? பஞ்சாங்கம் எங்கயாவது தப்புமா?”

அவர் தயங்கினார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். “கணக்கு எழுதுறவ நீ. நீ சொன்னா சரி.”

அப்படியே செய்தோம். விஜயதசமியன்று நோன்பிருந்தார். சாயங்காலம் விளக்கேற்றினார். மறுநாள் முழுதும் இருவரும் மாறி மாறி எண்ணெய் விட்டோம். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கார்த்திகை தீபம் கழிந்து, கப்பல் தபாலில் தம்பியின் காலண்டர் வந்து சேர்ந்தது. சாரம்மா விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த வருஷம் எங்கள் பஞ்சாங்கத்துச் சந்திரக் கணக்கில் ஓர் அதிக மாதம் கூடுதலாக விழுந்திருந்தது. அவர்களுக்கும் கூடுகிற மாதம் உண்டு. ஆனால் அது வேறு வருஷத்தில் வரும். பிறை ஒன்றாக இருந்தாலும் மாதம் விலகிவிட்டது. எழுபத்திரண்டிலும் இப்படித்தான் விலகியதாம், நான் ஊரில் இல்லாததால் பார்க்கவில்லை. நோன்பும் ஏலியாவின் நாளும் நாங்கள் விளக்கேற்றுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வந்து போய்விட்டிருந்தன.

“உன் நோட்டை எடு,” என்றார். “அன்னைக்குச் சாயங்காலம் நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?”

எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: “தசமி. காலை சாரம்மா நம் வீட்டில் நாஷ்டா, பூரி. மாலை டெண்டுக் கொட்டகையில் படம். சாரம்மாவும் வந்தார். நன்றாகச் சிரித்தார்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். “என் புள்ள வந்து வாசல்ல நின்னுருப்பான். ஊடு பூட்டியிருந்திருக்கும்,” என்றார். அவ்வளவுதான். எங்கள் பெருமாள் முன்னால் நின்று, நாளைக் காட்டுகிறவனே நீதானே, எனக்கு ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

அதன்பிறகு சாரம்மா தேறவில்லை. சித்திரையிலிருந்து இதய நோய். வேலைக்கும் போகவில்லை. தம்பிக்குப் போட்ட கடிதம் ஆடி மாதம், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அடுத்த காலண்டர் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார்.

“இந்தக் காலண்டர் ஆவணியோட முடியுது. கடைசிக் கட்டத்துல இருந்து பதினோரு நாள் எண்ணு. எனக்கு முடியலன்னா நீ ஏத்து. பஞ்சாங்கத்தைத் தொடாதே.”

“நீங்களே ஏத்துவீங்கக்கா. நான் பக்கத்துல குந்திக்கினு எண்ணெ ஊத்தறேன்.”

“பொய் சொல்லாதேடி. அதுவும் ஏகாதசி விரதக்காரி.”

கடைசி ஏட்டில் பதினான்காம் கட்டத்தில் அவர் போனார். மகன் நாளுக்கு நான்கு வாரம்கூட இல்லை. தொழிற்சாலை வண்டியில் பட்டணத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். என் கணவர், டீக்கடை பாய், கன்னியம்மாவின் அண்ணன் என்று கூட வந்த ஆண்களை எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர்.

நேற்று பொழுது சாய்ந்ததும் ஏலியாவின் விளக்கை ஏற்றினேன். அவர் வீட்டைப் பூட்டவில்லை. கதவை விரியத் திறந்துவைத்து, வாசலைப் பார்த்தபடி நானே உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போதும் விளக்கு எரிகிறது. சுவரில் காலண்டர் முடிந்துவிட்டது. கடைசி ஏட்டுக்குப் பின்னால் அட்டைதான் இருக்கிறது. அடுத்த வருஷம் யாருக்கு மாதம் கூடும், எங்களுக்கா அவர்களுக்கா, கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.

ஆகையால் சாரம்மாக்கா, ஒரு முடிவு செய்திருக்கிறேன். இனி மாதம் தவறாமல் வளர்பிறை ஏகாதசிக்கு உங்கள் பிள்ளைக்கு ஒரு விளக்கு, சதுர்த்தசிக்கு உங்களுக்கு ஒரு விளக்கு, முதல்நாள் பொழுது சாய்ந்ததும் ஏற்றுவேன். மாதம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டில் ஒன்று, கூடினால் பதின்மூன்றில் ஒன்று, உங்களுடையதாக இருந்தே தீரும். எது என்று நீங்கள் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். போய் வாருங்கள் அக்கா. எந்த மாதம் வந்தாலும் கதவு திறந்திருக்கும்.