சலேகா என்று சொன்னேன்

பக்கத்து வீட்டுக்காரர் என்னை நம்பி மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். அவருடைய வேலைக்கு அது ஆகாது என்று தெரிந்தேதான் வாங்க வைத்தேன். காரணம் பொறாமை. வேறு காரணம் இருக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எங்கள் தீவில், டாலிகஞ்ச் பகுதியில், எங்கள் வீடுகள் அடுத்தடுத்து. அவர் வடக்கே ரங்கத் என்ற ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நான் சாத்தம் மர அறுவை ஆலையில் ரம்பங்களோடு வேலை பார்த்து நரைத்த பொறியாளன். இரண்டு வீட்டுப் பின்புறத்திலும் தகரக் கொட்டகை, உள்ளே தச்சு மேசை. என்னுடையதில் கருவிகள் நிறைந்திருக்கும். அவருடையதில் செய்து முடித்த சாமான்கள். ஏலத்தில் எடுத்த, இந்தத் தீவுக் காட்டு மரமான படாக்கின் கனமான பலகை ஒன்று என் சுவரில் வருஷக்கணக்காகச் சாய்ந்து நின்றது. தூசி துடைத்து அதன் சிவப்பைப் பார்ப்பேன். வெட்டக் கை வராது, தப்பாகிவிட்டால் என்ன செய்வது. அவர் அப்படி யோசிக்கவே மாட்டார். கோணலாகிப் போனால் சிரித்துக்கொண்டே அதைச் சின்ன சாமானாக மாற்றிவிடுவார்.

சமையலறைக்கு ஒரு முக்காலி கேட்டுக் கேட்டு அலுத்த என் மனைவி, ஒரு நாள் அவரிடம் சொன்னாள். அந்த வாரமே வந்துவிட்டது.

"நான் செய்ய மாட்டேன்னா சொன்னேன்?"

"நீங்க அளந்துகிட்டே இருப்பீங்க. அவர் செஞ்சு குடுத்துட்டார்" என்றவள் அதன் மேல் ஏறி டப்பாவை எடுத்தாள். முக்காலி அசையவில்லை. அவள் போன பிறகு நான் தனியாக அழுத்திப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை.

அந்தச் சமயத்தில் அவர் மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சாதாரண நாற்காலியில் அந்த அம்மாவால் உட்கார முடியவில்லை. உறவினர் வீட்டு ஆடும் நாற்காலியில் மட்டும் வலி தெரியவில்லையாம். அதுபோல் ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். ரங்கத் ஊரில் அப்பா கட்டிய வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த படாக் உத்தரம் அவரிடம் இருந்தது. வளைந்த கால்களைக் கையால் அறுக்க முடியாது, பேண்ட் சா என்கிற பட்டை ரம்ப இயந்திரம் வேண்டும்.

ஃபோனில் இரண்டு இயந்திரங்களைக் காட்டினார். மேசை மேல் வைக்கும் சிறியது ஒன்று, தரையில் நிற்கும் கொஞ்சம் பெரியது ஒன்று. மெயின்லேண்டில் இருப்பவர்கள் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாங்கள் அதைச் சென்னையில் ஒரு ஏஜென்டைப் பிடித்துக் கப்பலில் வரவழைக்க வேண்டும். வந்தது வந்ததுதான்.

"அண்ணே, சின்னது என் பட்ஜெட்டுக்குள்ள வருது. படாக்குக்குத் தாங்குமா? நீங்க வேண்டாம்னா பெரிசையே போட்டுடறேன்."

மோட்டார் பலத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பிளைவுட்டுக்கும் மெல்லிய பலகைக்கும் நல்ல இயந்திரம். கனத்த படாக்கை அதில் தள்ளினால் மோட்டார் திணறும், பிளேடு கோட்டை விட்டு விலகும்.

"சலேகா" என்றேன்.

மீன் கடையிலிருந்து ஆபீஸ் வரை இங்கே எல்லார் வாயிலும் புழங்கும் இந்திச் சொல். ஓடும் என்றும் எடுத்துக்கொள்ளலாம், போதும் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் பதில் சொல்லியிருந்தால் 'போதும்' என்று பச்சைப் பொய் சொல்லியிருக்க வேண்டும். இயந்திரம் ஓடத்தானே போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கப்பல் வந்தது, இயந்திரமும் ஓடியது. முதலில் மெல்லிய பலகையில் ஒரு மீனை வெட்டி, சாவி மாட்ட என் மனைவிக்குக் கொடுத்தார். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு ஒரு நாள் காலையில் மோட்டார் இரைச்சல் கம்மிக்கொண்டே போவது மதிலைத் தாண்டிக் கேட்டது. மரம் கருகும் வாசனையும் வந்தது. நான் எழுந்து போகவில்லை. அவரே வந்தார். கையெல்லாம் சிவப்புத் தூள்.

"கோட்டுல போகமாட்டேங்குது அண்ணே. என் கைதான் சரியில்ல போல."

"பழகணும்" என்றேன்.

திரும்பிப் போய் மீதி மரத்தையும் பாழாக்கினார். அதோடு உத்தரம் தீர்ந்தது. அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை வைத்து ஒருக்களித்து உட்கார ஆரம்பித்தார்.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அவர் "வயசாச்சு, கை நிக்கல" என்று சொல்லத் தொடங்கினார். கொட்டகையைத் திறப்பதை நிறுத்தினார். மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போனதும் என்னால் என் கொட்டகையில் உட்கார முடியவில்லை.

பெரிய இயந்திரத்தை நானே வரவழைத்தேன். இறக்க வந்த ஆட்களை விட்டே என் படாக் பலகையையும் தூக்கச் சொல்லி, இரண்டையும் அவர் வாசலில் வைத்தேன்.

"எதுக்கு அண்ணே இதெல்லாம்?"

"நீங்க கேட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும், சின்னது படாக்கை அறுக்காதுன்னு. தெரிஞ்சுதான் சொன்னேன். உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. அந்த முக்காலி எனக்குப் பொறுக்கல."

"முக்காலியா?" என்றார். பலகையைத் தடவிப் பார்த்தார். "கேட்டிருந்தா உங்களுக்கும் ஒண்ணு செஞ்சிருப்பேனே." பிறகு என்னைப் பார்க்காமலே, "வச்சுட்டுப் போங்க, சார்" என்றார்.

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதே இல்லை.

நாற்காலி தயாரானதும் அந்த அம்மாதான் மதில் ஓரம் நின்று கூப்பிட்டார். "அண்ணே, வந்து உட்கார்ந்து பாருங்க. உங்க மரம்தானாமே." அவரிடம் கணவர் எதுவும் சொல்லவில்லை என்று புரிந்தது. போனேன். வாத்தியார் கதவோரமாக நின்றிருந்தார்.

"உட்காருங்க சார்" என்றார்.

உட்கார்ந்தேன். என் பலகை அது. நானாக இருந்தால் அந்த வளைவு வந்திருக்காது என்ற பொறாமை அப்போதும் எழுந்தது. ஆட்டிப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மா. காலைத் தரையில் ஊன்றி, ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.