ரோஸ் சீட்டும் முப்பத்தெட்டுத் தலைகளும்

சட்டமன்றத்தின் மேல்மாடத்தில், முதல் வரிசையில், தூணுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வருஷமாக அதில் ஆர்டித் க்ளோஸ்டரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. மடியில் நீளமான நோட்டு, கையில் பென்சில். கீழே எழுபது உறுப்பினர்கள். அவள் பென்சிலைக் காதில் சொருகினால் அவர்களுக்கு மூச்சு வரும், எடுத்தால் நின்றுவிடும். பென்சில் முனை உடைந்த ஒருநாள், சபை அரைமணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததாம். சபாநாயகரே கீழிருந்து தன் பேனாக்கத்தியை அனுப்பிவைத்தாராம்.

அவள் மந்திரி அல்ல, நீதிபதி அல்ல. உழவர் கழகத்தின் குமாஸ்தா. பெயர்தான் உழவர் கழகம். ஏர்க்காலைத் தொட்டவன் ஒருவனும் அதில் கிடையாது. உரக் கம்பெனிக்காரர்களும் விதை மொத்த வியாபாரிகளும் சேர்ந்து நடத்துவது. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் பத்து ஓட்டெடுப்புகளைப் பொறுக்கி எடுத்து, உறுப்பினர்களுக்கு மார்க் போடுவார்கள். கழகம் சொன்னபடி ஓட்டுப் போட்டிருந்தால் பத்து, மாற்றிப் போட்டிருந்தால் சுழி. சபைக்கு வராமல் போனாலும் சுழிதான். அந்த மார்க்கை அட்டையில் அச்சடித்து மாநிலத்தில் வீடு வீடாகத் தபாலில் அனுப்புவார்கள். நூற்றுக்கு நூறு எடுத்தவருக்குப் பித்தளையில் ஏர் பதித்த ஒரு பலகை.

இதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. முதலில் மசோதாக்களைப் பொறுக்கிவிட்டு மார்க் போடுவதில்லை. யாருக்கு நூறு விழவேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அந்த நூறு விழுகிற மாதிரி மசோதாக்களைப் பொறுக்குவார்கள். இன்ன பிள்ளை பாஸ் என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் கேள்வித்தாள் எழுதுகிற பள்ளிக்கூடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். இவ்வளவு செய்தும் சில பிள்ளைகள் தொண்ணூறில் நின்றார்கள்.

அப்படி நின்றவர்தான் டெல்பெர்ட் ஆஸ்ட்ரிக். ஆர்டித்தின் சொந்த ஊரான ப்ளம்ஃபோர்டின் உறுப்பினர். ஊரில் டிராக்டர் விற்பவர். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் பதினான்கு பித்தளைப் பலகைகள். கனம் தாங்காமல் சுவர் பக்கத்து வீட்டுச் சோளக்கொல்லைப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. பதினைந்தாவது வருஷம் தொண்ணூறு விழுந்தபோது, அவர் பூசணிப் பணியாரத் தட்டோடு ஆர்டித்தின் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஆர்டித்தம்மா, அந்த எருவுக் கிடங்கு ஓட்டு... அன்னிக்கு எனக்குப் பல்லு வலி. பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்."

"பல்லு வலிக்கும் விரலுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?"

"எல்லாம் ஒரே நரம்புன்னு டாக்டர் சொல்றாரு."

"அப்ப மூளைக்கு எந்த நரம்பு போகுதுன்னும் அவரையே கேட்டு வையுங்க. தட்டை அங்க வச்சுட்டுப் போங்க."

பணியாரத்தைத் தின்றாள். மார்க்கை மாற்றவில்லை. வந்து நிற்பவர்களை அவள் பார்க்கும் பார்வையில் ஒரு குவளைப் பால் திரிந்துபோகும். நிலம் ஆண்டவர்கள், சண்டைக்குப் போய் வந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒரு குமாஸ்தா முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து மார்க்குக்கு நெளிகிறார்கள். ஒருவராவது ஒருநாளாவது "உன் மார்க்கை நீயே வைத்துக்கொள்" என்று சொல்வாரா என்று முதல் இரண்டு வருஷம் காத்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

நெளிகிறவர்களின் வேலையைச் சுலபமாக்கக் கழகத் தலைவர் ராய்ஸ் டாலிவர் கண்டுபிடித்ததுதான் ரோஸ் சீட்டு. கழகத்துக்கு வேண்டிய ஓட்டு வருவதற்குச் சற்றுமுன், தோழமையான முப்பத்தெட்டுப் பேருக்கு வாசல் காவலர் மூலம் ஒரு ரோஸ் நிறச் சீட்டு போகும். "அடுத்த ஓட்டு: இல்லை. மார்க் உண்டு." அவ்வளவுதான். மசோதாவின் எண்ணும் பெயரும் இருக்காது. சீட்டு பத்திரிகைக்காரன் கையில் சிக்கினாலும் எதைப் பற்றி என்று தெரியக்கூடாதல்லவா? அது டாலிவரின் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியம்தான் ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை அவர் காலையே வாரிவிட்டது.

அன்று விதை மூட்டை வரி மசோதா வரவேண்டும். கழகம் அதற்கு எதிரி. ஆர்டித் சீட்டுகளை எழுதிக் காவலரிடம் கொடுத்தாள். அவர் கீழே கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, சபாநாயகர் வரிசையை மாற்றி வேறொரு மசோதாவை முன்னால் எடுத்தார். சின்ன ஊர்களின் ஆம்புலன்ஸ் நிலையங்களுக்கு நிதி நீட்டிக்கிற மசோதா. யாருக்கும் அதில் விரோதம் இல்லை. கொண்டுவந்தவர் டெல்பெர்ட் ஆஸ்ட்ரிக். அவர் எழுந்து, தன் ஊர்ப் பெண்ணொருத்தி ஆம்புலன்ஸிலேயே இரட்டைப் பிள்ளை பெற்ற கதையைக் கண்ணீரோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் ரோஸ் சீட்டு கிடந்தது. படித்தார். கண்ணைத் துடைத்தார். 'இல்லை' என்கிற சிவப்புப் பட்டனை அமுக்கினார்.

ஆர்டித் மாடத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். எதிர்ச்சுவரில் விளக்குகள் எரிந்தன. பச்சை முப்பத்தொன்று. சிவப்பு முப்பத்தெட்டு. மிச்சமுள்ள ஒருவர் சிற்றுண்டிச் சாலையில் கார பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். மசோதா செத்தது.

அவள் நேரே டாலிவரிடம் போனாள்.

"சீட்டு தப்பான ஓட்டுக்குப் போயிடுச்சு சார். ஆம்புலன்ஸ் மசோதா தோத்துப்போச்சு."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"ஏன் எதுக்குன்னு முப்பத்தெட்டுப் பேர்ல ஒருத்தர்கூடவா கேக்கல?"

"ஒருத்தர்கூட."

டாலிவரின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா, எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்! விடுங்க ஆர்டித். நாம எதிர்த்தோம்னே இருக்கட்டும். காரணத்தை ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சுக்கலாம்."

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அண்ணன் ஓரின் போன் செய்தார். எழுபத்தொரு வயது, தனிக்கட்டை, இரண்டு தடவை நெஞ்சுவலி வந்தவர். இரண்டு தடவையும் ஊர் ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷத்தில் வந்தது.

"ஏன்டி, ஜூன் மாசத்தோட நம்ம ஊர் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடுறாங்களாமே. இனி வண்டி அறுபது மைல் தாண்டி வரணுமாம்."

"யார் சொன்னா?"

"வண்டி ஓட்டுற பையனே சொன்னான். பரவாயில்ல விடு. மூணாவது வலியை, வர்றதுக்கு முன்னாடியே ஒரு தபால் போட்டுடச் சொல்றேன்."

"வாயை மூடுண்ணே."

அவள் தூங்கவில்லை. தோற்ற மசோதாவை எழுப்ப ஒரே ஒரு வழி இருந்தது. தோற்கடித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர், மறுநாள் சபை கலைவதற்குள் எழுந்து மறுபரிசீலனை கேட்கவேண்டும். ஆதரித்த முப்பத்தொரு பேருக்கும் அந்த உரிமை கிடையாது. ஆனால் மசோதாவைப் பெற்ற தகப்பனே அதன் கழுத்தை நெரித்த பக்கம் இருந்தாரே! அவருக்கு உண்டு.

மறுநாள் காலை டெல்பெர்ட்டைச் சிற்றுண்டிச் சாலையில் பிடித்தாள்.

"ஐயா, நேத்து நீங்க எந்த மசோதாவுக்கு இல்லைன்னு போட்டீங்க தெரியுமா?"

"கழகம் சொன்ன மசோதாவுக்கு."

"அது உங்க மசோதா."

"தெரியும்மா. போர்டுல என் பேரு இருந்துச்சே." அவர் ரொட்டியைப் பிட்டார். "வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா கழகத்துக்கு ஏதோ தூரப் பார்வை இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"எழுந்து மறுபரிசீலனை கேளுங்க. எங்கண்ணன் இருக்கான் அந்த ஊர்ல. உங்க ஜனங்க அத்தனை பேரும் இருக்காங்க."

டெல்பெர்ட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு மார்க் உண்டா?"

ஆர்டித் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பொய்யாக ஒரு புள்ளிகூடப் போட்டதில்லை. போடச் சொன்னதைப் போட்டாள், பொறுக்கச் சொன்னதைப் பொறுக்கினாள். தானாக ஒன்றும் எழுதியதில்லை. அது ஒன்றுதான் அவளுக்கும் இவர்களுக்கும் நடுவில் இருந்த வேலி.

"உண்டு," என்றாள். "இரட்டை மார்க்கு."

அரைமணி நேரத்தில் முப்பத்தெட்டு ரோஸ் சீட்டுகள் எழுதினாள். "மறுபரிசீலனை: ஆம். மசோதா: ஆம். மார்க் இரட்டிப்பு." மூன்று சீட்டைக் கிழித்து மறுபடி எழுதவேண்டியிருந்தது.

இரட்டிப்பு என்ற சொல்லை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. டெல்பெர்ட் எழுந்து கேட்டதுதான் தாமதம், வழிமொழிய முப்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் மூன்று நாற்காலி கவிழ்ந்தது. நேற்று இல்லை என்றவர்களில் நான்கு பேர் ஆம்புலன்ஸின் அருமையைப் பற்றித் உருக்கமாகப் பேசினார்கள். நேற்று சிற்றுண்டிச் சாலையில் இருந்த உறுப்பினர் கழுத்தில் கட்டிய துண்டோடு ஓடிவந்து பட்டனை அமுக்கினார். எழுபது விளக்கும் பச்சை. மேலே உட்கார்ந்திருந்தவளுக்குச் சந்தோஷம் வந்தது; கூடவே அருவருப்பும்.

டாலிவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"இரட்டை மார்க்குன்னு யார் எழுதினது?"

"நான்தான்."

"உங்களை இப்பவே வேலையை விட்டுத் தூக்கணும்."

"தூக்குங்க சார். ஏன் தூக்கினீங்கன்னு கேப்பாங்களே. ஒரு குமாஸ்தா பொய்ச் சீட்டு எழுதினா, மொத்தப் பேரும் குதிச்சாங்கன்னு சொல்லுவீங்களா? நாளைக்கு உங்க சீட்டை எவன் நம்புவான்?"

டாலிவர் ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு, கண்டுபிடிக்கிற கலையில் வல்லவரல்லவா, கண்டுபிடித்தார். செவ்வாய்க்கிழமை ஓட்டை அட்டையில் சேர்க்கவேண்டாம். புதன்கிழமை ஓட்டை மட்டும் சேர்க்கலாம், இரண்டு ஓட்டுக்குப் பதிலாக, இருபது மார்க்கோடு. மேலே கொட்டை எழுத்தில், "கிராமத்து உயிர்களைக் காக்கக் கழகம் நடத்திய போராட்டம்."

"அச்சுக்கு எழுதிக் கொடுத்துடுங்க ஆர்டித்."

எழுதிக் கொடுத்தாள். டெல்பெர்ட்டுக்கு நூறு. அட்டையின் முதல் பக்கத்தில், ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்தபடி அவர் படம்.

மே மாதம் ஓரின் போன் செய்தார்.

"உங்க கழகத்து அட்டை வந்துதுடி. நம்ம டெல்பெர்ட் தனியா நின்னு வண்டியைக் காப்பாத்தியிருக்காரு பாரு! நான்கூட அந்த ஆளை மண்ணாந்தைன்னு நெனச்சிருந்தேன். நவம்பர் தேர்தல்ல அவருக்குத்தான் என் ஓட்டு."

ஆர்டித் போனைக் காதிலிருந்து எடுத்துத் தள்ளிப் பிடித்தாள். உள்ளே அண்ணன் "இருக்கியா? இருக்கியா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நல்ல பலமான குரல்.

"இருக்கேன்," என்றாள். "போட்டுத் தொலை. மாத்திரை சாப்பிட்டியா?"